ஓடுவதில் என்ன இன்பம்? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

பரிசு இல்லை, துரத்துவோர் இல்லை, போய்ச் சேர வேண்டிய இடமும் இல்லை. ஆனாலும் விடியலுக்கு முன் எழுந்து ஐந்து கிலோமீட்டரோ பத்து கிலோமீட்டரோ ஓடிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். இதில் என்ன இன்பம் இருக்கிறது என்று ஓடாதவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. உடல்நலத்துக்காக ஓடுகிறார்கள் என்பது பாதிப் பதில்தான். நலத்தை மட்டுமே எண்ணித் தொடங்கும் பழக்கங்கள் பலவும் சில வாரங்களில் நின்றுவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் ஓடுகிறவர்களைக் கேட்டாலோ, ஓடாத நாளில் ஏதோ குறைவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் அந்த ‘ஏதோ’ என்ன, அது உடலில் எப்படி உண்டாகிறது, தொடங்குகிறவர்கள் பலருக்கு அது ஏன் கிடைப்பதே இல்லை என்பவற்றை இங்கே பார்க்கலாம்.

ஓட்டம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது பள்ளி விளையாட்டு விழாவின் நூறு மீட்டர் பந்தயம். அதை விட்டால், புறப்பட்டுவிட்ட பேருந்தைப் பிடிக்க ஓடியது. இரண்டுமே உடலின் முழு வலிமையையும் ஒரே நேரத்தில் செலவழிக்கும் ஓட்டங்கள். அவற்றின் முடிவில் நெஞ்சு அடைக்கும், வாய் வறளும், விலாவில் பிடிக்கும். பொழுதுபோக்காக ஓடுகிறவர்கள் செய்வது இதுவன்று. அவர்களில் பெரும்பாலோர், அருகில் ஓடுகிறவரோடு முழு வாக்கியங்களில் பேசக்கூடிய அளவு மெதுவாகவே தங்கள் கிலோமீட்டர்களில் பெரும்பகுதியை ஓடுகிறார்கள். ஓட்டம் எனக்குப் பிடிக்காது என்று சொல்கிறவர்களில் பலர் வெறுப்பது வேகத்தைத்தான் என்பதும், மெதுவான ஓட்டத்தை அவர்கள் ஒருமுறைகூட முறையாகச் செய்து பார்த்ததில்லை என்பதும் என் உறுதியான கருத்து. ஓட்டத்தின் இன்பத்தைப் பற்றிய அறிவியலும் வரலாறும் இந்தக் கருத்துக்குத் துணை நிற்கின்றன.

ஆக்லாந்தில் தொடங்கிய மெல்லோட்டம்

சாதாரண மனிதர்கள், அதுவும் நடுத்தர வயதைக் கடந்தவர்கள், மகிழ்ச்சிக்காகக் கூட்டமாக ஓடும் வழக்கம் உலகெங்கும் பரவியதில் நியூசிலாந்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக்லாந்தைச் சேர்ந்த ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், பந்தய வீரர்களையும் நீண்ட தூரம் நிதானமாக ஓடவைத்து அடித்தளம் அமைத்தவர். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். அந்தப் புகழோடு அவர் நின்றுவிடவில்லை. உடல் பருத்து, மூச்சு வாங்கி, சிலர் மாரடைப்பும் கண்டு மீண்டிருந்த உள்ளூர்க்காரர்களிடம், சிரமப்படாமல் பேசிக்கொண்டே ஓடுங்கள் என்று சொல்லித் தொடங்கிவைத்தார். இதயநோய் வந்தவர்கள் ஓய்விலேயே இருக்க வேண்டும் என்று பரவலாக நம்பப்பட்ட காலத்தில் அது துணிச்சலான யோசனை. 1962-இல் ஆக்லாந்தில் மெல்லோட்டக்காரர்களுக்கென்றே ஒரு சங்கம் உருவானது.

அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்துத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்துக்கு வந்தார். லிடியார்டின் அழைப்பை ஏற்று, ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஒன்றில் அவரும் கலந்துகொண்டார். ஐம்பதைக் கடந்த, தம்மை நல்ல உடல்தகுதி உள்ளவராகக் கருதிக்கொண்டிருந்த அந்தப் பயிற்சியாளர், சிறிது தூரத்திலேயே பின்தங்கிப்போனார். எழுபது வயது கடந்த, மாரடைப்புகளிலிருந்து மீண்ட ஒரு முதியவர் அவருக்காகவே வேகத்தைக் குறைத்து, பேச்சுத் துணையாக உடன் ஓடி வந்தார். ஊர் திரும்பிய பவர்மன், 1963-இல் யூஜீன் நகர மக்களைப் பல்கலைக்கழக மைதானத்துக்கு அழைத்து மெல்லோட்டம் கற்றுக்கொடுத்தார். பின்னர் ஓர் இதயநோய் மருத்துவரோடு சேர்ந்து அதைப் பற்றி எழுதவும் செய்தார். 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் அமெரிக்கரான ஃபிராங்க் ஷார்ட்டர் தங்கம் வென்றபோது அந்த நாட்டில் ஓட்டம் பெரும் அலையாக எழுந்தது உண்மைதான். ஆனால் அந்த அலையில் இறங்கியவர்களைத் தெருவில் நிலைநிறுத்தியது பதக்கக் கனவன்று. ஆக்லாந்துக்காரர்கள் பழக்கிக் காட்டிய வேகமே அவர்களை ஓடவைத்தது.

முதல் பத்து நிமிடங்கள் ஏன் கடினமாக இருக்கின்றன

ஓடத் தொடங்கிய நொடியிலேயே கால் தசைகளுக்குத் தேவைப்படும் ஆற்றல் பல மடங்கு உயர்கிறது. அந்தத் தேவைக்கு ஏற்ற ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய இதயமும் நுரையீரலும் இரத்தக் குழாய்களும் உடனடியாக அந்த நிலையை எட்டிவிட முடியாது. அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். இடைப்பட்ட நேரத்தில் தசைகள் தம்மிடமிருக்கும் சேமிப்பைக் கொண்டும், ஆக்சிஜன் துணையின்றிச் சர்க்கரையை உடைத்தும் சமாளிக்கின்றன. மூச்சு தாறுமாறாவதும், கால்கள் கனப்பதும், ‘இது நமக்கு ஒத்துவராது’ என்ற எண்ணம் எழுவதும் இந்த இடைவெளியில்தான். பழகிய உடலில் இந்த இடைவெளி குறுகலாகவும் புதிய உடலில் நீண்டும் இருக்கும். பல ஆண்டுகளாக ஓடுகிறவர்களுக்கும் முதல் கிலோமீட்டர் பெரும்பாலும் இனிமையாக இருப்பதில்லை. அது கடந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் வேறுபாடு.

வேகமாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த இடைவெளி முடிவதே இல்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால், ஆக்சிஜன் வரத்து எவ்வளவு உயர்ந்தாலும் தசைகளின் தேவைக்கு ஈடாகாமல் போகிறது, கழிவுகள் தேங்குகின்றன, மூச்சின் விரைவு கூடிக்கொண்டே போகிறது, கடைசியில் நிற்பதைத் தவிர வழியில்லை. அந்த வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். பயிற்சி பெற்ற ஒருவருக்கு மணிக்கு 14 கிலோமீட்டராக இருக்கும் எல்லை, பல ஆண்டுகளாக நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்த ஒருவருக்கு 7 கிலோமீட்டராகவே இருக்கலாம். ஆகவே, தொடங்குகிறவர் பக்கத்தில் ஓடுகிறவரைப் பார்த்துத் தம் வேகத்தை முடிவுசெய்வது பொருந்தாது. பேச்சுச் சோதனை எனப்படும் எளிய முறையே போதுமானது: ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி, இரண்டு மூன்று சொற்களுக்குமேல் வரவில்லை என்றால் குறைக்க வேண்டும். ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹிரோவாகி தனாகா என்ற உடற்செயலியல் பேராசிரியர் இதையே இன்னும் அழகாக வகுத்தார். முகத்தில் புன்னகை மாறாமல் ஓடக்கூடிய வேகமே அவர் பரிந்துரைத்த வேகம். அது பலருக்கும் விறுவிறுப்பான நடையின் வேகத்தைவிடக் கூடுதலாக இருப்பதில்லை.

அவ்வளவு மெதுவாக ஓடினால் பிறர் பார்த்து என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் நம் ஊர்களில் மிகப் பெரிய தடையாக இருக்கிறது. இந்தக் கூச்சத்தால் வேகத்தைக் கூட்டி, அதனால் மூச்சிரைத்து, அதனால் ஓட்டத்தையே கைவிட்டவர்கள் ஏராளம் என்று நினைக்கிறேன்.

மூளையில் என்ன நடக்கிறது

ஓடும்போதோ ஓடி முடித்தவுடனோ சிலருக்கு ஏற்படும் மிதமான களிப்பையும், கவலை தளர்ந்த நிலையையும் ஆங்கிலம் வழியாக ‘ரன்னர்ஸ் ஹை’ என்று உலகெங்கும் குறிப்பிடுகிறார்கள். 1970-களில், வலியைத் தணிக்கும் இயற்கைப் பொருள்களை உடலே தயாரிக்கிறது என்று கண்டறியப்பட்டபோது, அவற்றுள் ஒரு வகையான எண்டார்ஃபின்தான் இந்தக் களிப்புக்குக் காரணம் என்ற விளக்கம் விரைவாகப் பரவியது. ஓடியபின் இரத்தத்தில் எண்டார்ஃபின் அளவு உயர்வது உண்மை. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது: இரத்தத்தில் ஓடும் எண்டார்ஃபின் மூளையைச் சூழ்ந்திருக்கும் காப்புத் தடையைக் கடந்து எளிதில் உள்ளே செல்வதில்லை. இரத்தத்தில் அது கூடிற்று என்பதை வைத்து மனநிலை மாறிற்று என்று சொல்லிவிட முடியாது. 2008-இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற பத்து ஓட்டக்காரர்களின் மூளையை இரண்டு மணிநேர ஓட்டத்துக்குப் பின் படம் பிடித்துப் பார்த்தபோது, மூளைக்குள்ளேயே இத்தகைய பொருள்கள் சுரந்ததற்கான அடையாளங்கள் தெரிந்தன. எனவே எண்டார்ஃபின் வகைப் பொருள்களுக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

எனினும் ஆய்வாளர்களின் கவனம் இப்போது வேறொரு வகைப் பொருளை நோக்கித் திரும்பியிருக்கிறது. கஞ்சாச் செடியில் இருக்கும் பொருள் மூளையில் எந்த ஏற்பிகளில் (வேதிப்பொருள்கள் வந்து பொருந்துவதற்குச் செல்களில் இருக்கும் இடங்களில்) போய் அமர்கிறதோ, அதே ஏற்பிகளில் அமரும் பொருள்களை நம் உடலும் தானாகவே தயாரிக்கிறது. அவற்றுள் முதன்மையான ஆனந்தமைடு 1992-இல் இஸ்ரேலில் ரபேல் மெக்கூலமின் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. இது கொழுப்பு வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறு. மூளையின் தடையை எளிதில் கடந்துவிடும். 2015-இல் எலிகளை வைத்து ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சுழல் சக்கரத்தில் நெடுநேரம் ஓடிய எலிகளிடம் பதற்றம் குறைந்தது. எண்டார்ஃபினின் ஏற்பிகளை மருந்தால் அடைத்தபோதும் அந்த அமைதி நீடித்தது. ஆனந்தமைடு அமரும் ஏற்பிகளை அடைத்தபோது அது மறைந்துபோனது. 2021-இல் மனிதர்களிடம் நடந்த சோதனையும் இதற்கு இணங்கவே அமைந்தது. 63 பேரில் ஒரு பகுதியினருக்கு எண்டார்ஃபினைத் தடுக்கும் மருந்து கொடுத்து 45 நிமிடங்கள் ஓடவைத்தார்கள். மருந்து உண்டவர்களுக்கும் களிப்பு வந்தது, பதற்றம் தணிந்தது.

தொடங்குகிறவருக்கு இந்தப் பொருள்களின் பெயர்களைவிட முக்கியமானது அவை எப்போது கூடுகின்றன என்ற செய்தி. டேவிட் ரைக்லன் என்ற அமெரிக்க மானுடவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், நடை முதல் கடும் ஓட்டம் வரை வெவ்வேறு வேகங்களில் மனிதர்களை அரைமணி நேரம் இயங்கவைத்துப் பார்த்தபோது, நிதானமான நடையிலும் மிகக் கடுமையான ஓட்டத்திலும் ஆனந்தமைடு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. இடைப்பட்ட மிதமான ஓட்டத்தில்தான் அது உயர்ந்தது. கடுமையாக ஓடினால் கூடுதல் இன்பம் என்ற கணக்கு இங்கே செல்லுபடியாகாது. மிதமான வேகத்தில் இருபது முப்பது நிமிடங்கள் தொடர்ந்து ஓட முடிகிறவருக்கே உடல் இந்தக் கதவைத் திறக்கிறது. முதல் வாரத்தில் மூன்று நிமிடத்துக்குமேல் ஓட முடியாத ஒருவர், நண்பர்கள் சொன்ன களிப்பு தமக்கு வரவில்லையே என்று ஏமாறுவதற்கு இடமே இல்லை. அவர் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். வந்து சேர்ந்தபின்னும் ஒவ்வொரு ஓட்டத்திலும் அது கிடைப்பதில்லை. பெரும்பாலான நாட்களில் கிடைப்பது களிப்பைவிட அடக்கமான ஒன்று: காலையில் ஓடி முடித்தபின் சில மணிநேரம் நீடிக்கும் தெளிவும், சிறு எரிச்சல்கள் முன்போல் தைக்காத மனநிலையும். என் பார்வையில், மக்களை ஆண்டுக்கணக்கில் ஓடவைப்பது அரிதாக வரும் களிப்பைவிட அன்றாடம் கிடைக்கும் இந்தத் தெளிவுதான்.

இத்தகைய ஏற்பாடு மனித உடலில் ஏன் இருக்க வேண்டும்? 2004-இல் டென்னிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மனும் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை ஒரு விடையை முன்வைத்தது. குதிகாலின் மேலே இருக்கும் நீண்ட தசைநாண், ஓடும்போது உடல் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்ளும் பெரிய பிட்டத் தசை, தலை ஆடாமல் காக்கும் பிடரி நார், குட்டையான கால்விரல்கள், ரோமம் குறைந்த தோலில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், மனித இனம் வெயிலில் நெடுந்தூரம் ஓடுவதற்கேற்பப் பரிணமித்திருக்கிறது என்பது அவர்களின் வாதம். விலங்குகள் பலவும் நம்மைவிட வேகமானவை. ஆனால் வெப்பத்தில் நீண்ட நேரம் ஓடிக்கொண்டே இருக்க அவற்றால் முடிவதில்லை. நம் முன்னோர் இரையை அது களைத்து விழும்வரை துரத்தினார்களா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ரைக்லனின் குழு 2012-இல் கண்ட மற்றொரு முடிவு இந்த வாதத்தோடு பொருந்திப் போகிறது: ஓடியபின் ஆனந்தமைடு மனிதர்களிடமும் நாய்களிடமும் உயர்ந்தது, இயல்பில் நெடுந்தூரம் ஓடாத ஃபெரட் என்ற கீரி போன்ற சிறு விலங்கிடம் உயரவில்லை.

கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி

உடலின் வேதியியல் தரும் இன்பம் ஒருபுறம் இருக்க, மெல்ல மெல்ல வளரும் திறமை தரும் இன்பம் இன்னொன்று. வயது வந்தபின் நாம் செய்யும் பெரும்பாலான வேலைகளில் நாம் முன்னேறுகிறோமா என்பதை அளந்து பார்க்க வழியே இருப்பதில்லை. ஓட்டத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. தொடர்ந்து ஓடத் தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிட அதிக இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அடுத்தடுத்த மாதங்களில் தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்களும், செல்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. இதன் விளைவாக ஓய்வில் இருக்கும்போது இதயத் துடிப்பு குறைகிறது. சென்ற மாதம் மூச்சு வாங்கிய அதே மேம்பாலத்தை இந்த மாதம் பேசிக்கொண்டே ஏறிவிட முடிகிறது. வெளியே யாரும் பாராட்டாவிட்டாலும், தம் உடல் தமக்குக் கீழ்ப்படியத் தொடங்கியதை உணர்வது, குறிப்பாக இளமையில் விளையாட்டில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு, ஆழ்ந்த மனநிறைவு தரும் அனுபவம்.

கனடாவின் எட் விட்லாக் இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு. 2003-இல் தம் 72-ஆம் வயதில் 42.195 கிலோமீட்டர் மாரத்தானை மூன்று மணிநேரத்துக்குள் முடித்து, எழுபதைக் கடந்தவர்களில் அதைச் செய்த முதல் மனிதர் ஆனார். அடுத்த ஆண்டு அதே மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 நொடியில் ஓடினார். வீட்டுக்கு அருகிலிருந்த கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி, நாளுக்கு மூன்று மணிநேரம் வரையிலும் மெதுவாக ஓடுவதே அவருடைய பயிற்சி. அந்தப் பயிற்சி ஓட்டத்தில் தமக்குக் களிப்பு எதுவும் தோன்றுவதில்லை என்றும், பந்தயத்தில் நன்றாக ஓடுவதே தமக்குப் பிடிக்கும் என்றும் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரையும் ஓடவைக்கும் காரணம் ஒன்றே என்று எண்ணக்கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

தனிமையும் துணையும்

ஓட்டம் தரும் தனிமை பலருக்கு மிகவும் மதிப்புள்ளது. வீட்டிலும் அலுவலகத்திலும் யாரேனும் ஏதேனும் கேட்டுக்கொண்டே இருக்கும் வாழ்க்கையில், அரைமணி நேரம் கைப்பேசியை எடுக்காமல், எவருக்கும் பதில் சொல்லாமல் இருக்க இது அனுமதி தருகிறது. கால்கள் ஒரே சீரில் இயங்குவதால் அவற்றை நினைக்க வேண்டியதில்லை. மனம் தன் போக்கில் அலைந்து, உட்கார்ந்து யோசித்தபோது பிடிபடாத ஒன்றைத் தானாகவே பிடித்துக்கொண்டு வருவதும் உண்டு.

இதற்கு நேர்மாறாக, துணைக்காகவே ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹெவிட் என்பவர் ஏற்பாடு செய்த ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் 13 பேர் ஓடினார்கள். கட்டணம் கிடையாது, பரிசு கிடையாது, ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் உண்டு. ‘பார்க்ரன்’ என்ற பெயரில் அது இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பதுதான். அதனால் பங்கேற்கும் எவரும் கடைசியாக வர நேர்வதில்லை.

சென்னையில் 2006-இல் தொடங்கிய ‘சென்னை ரன்னர்ஸ்’ குழுவைப் போன்றவை, மெரினாவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் விடிகாலையில் கூட்டமாக ஓடுவதை வழக்கமான காட்சியாக மாற்றியிருக்கின்றன. ஆண்டுதோறும் நடக்கும் சென்னை மாரத்தான் ஜனவரியில் அமைந்திருப்பதற்குக் காரணம் வெளிப்படை: நம் கடற்கரை ஊர்களில் ஓடுவதற்கு இதமான காலம் அதுவே. கோவையில் ரேஸ் கோர்ஸ் சாலையைச் சுற்றியுள்ள நடைபாதை நெடுங்காலமாக நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் பொதுவிடமாக இருக்கிறது. குழுவில் சேர்ந்து ஓடும்போது, எழ மனமில்லாத காலையிலும் அங்கே ஒருவர் காத்திருப்பார் என்ற எண்ணமே எழுப்பிவிடுகிறது. வங்கி மேலாளரும் கல்லூரி மாணவியும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே வேகத்தில் ஓடுகிறார்கள் என்பதற்காகவே நண்பர்களாவது, நம் சமூகத்தில் வேறு எங்கும் எளிதில் நடப்பதில்லை.

பெண்களுக்கு இந்தத் துணை இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. நெடுந்தூர ஓட்டம் பெண்ணுடலுக்கு ஆகாது என்று விளையாட்டு அமைப்புகளே நம்பிய காலம் வெகு தொலைவில் இல்லை. 1966-இல் ராபர்ட்டா கிப் என்ற பெண், பாஸ்டன் மாரத்தானில் புதருக்குப் பின் மறைந்திருந்து, கூட்டம் புறப்பட்டபின் இணைந்து ஓடி முடித்தார். அடுத்த ஆண்டு, பெயரின் முதலெழுத்துகளை மட்டும் தந்து பதிவுசெய்துகொண்ட கேத்ரின் ஸ்விட்சரை, ஓடிக்கொண்டிருக்கும்போதே போட்டி அதிகாரி ஒருவர் பிடித்திழுத்து அவருடைய எண்ணைப் பறிக்க முயன்றார். பாஸ்டனில் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1972-இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984-இல். விதிகள் மாறிவிட்டன, ஆனால் தனியாக ஓடும் பெண்ணை உற்றுப் பார்த்தும் கேலி பேசியும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் தெருக்கள் நம்மிடையே இன்னும் நிறைய இருக்கின்றன. ஓட்டத்தின் இன்பத்தைப் பற்றிப் பேசும்போது, அது எல்லோருக்கும் சமமாகத் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெண்கள் பலர் குழுவாக ஓடுவதில் காணும் மகிழ்ச்சியில், பொதுத்தெரு தமக்கும் உரியது என்ற உணர்வுக்குப் பெரிய இடம் உண்டு.

முழங்கால், இதயம், வெயில்

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்ற அச்சம் பரவலானது. 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாதவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும், போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 விழுக்காட்டினருக்கும் இருந்தது. மூட்டுவலி உள்ளவர்கள் ஓட்டத்தைத் தவிர்ப்பார்கள் என்பதால் இந்த எண்களை அப்படியே காரணமாகக் கொள்ள முடியாது. ஆனால் மிதமான ஓட்டம் மூட்டைக் கெடுக்கும் என்ற கூற்றுக்கு இவை இடம் தரவில்லை. 55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓடுகிறவர்கள் இதயநோயால் இறக்கும் வாய்ப்பு ஓடாதவர்களைவிட 45 விழுக்காடு குறைவாக இருந்தது. நாளுக்கு ஐந்து பத்து நிமிடங்கள் மெதுவாக ஓடியவர்களிடமும் நன்மை தெரிந்தது. இதயநோயோ உயர் இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர்களும், நெடுங்காலம் உடற்பயிற்சி இல்லாமல் நாற்பதைக் கடந்தவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

தொடங்கும் முறை எளியது. வாரத்துக்கு மூன்று நாட்கள், ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பது என்று இருபது நிமிடங்களை நிறைவுசெய்து, வாரந்தோறும் ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டி நடக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனால், பெரும்பாலானோர் இரண்டு மூன்று மாதங்களில் அரைமணி நேரம் நிற்காமல் ஓடிவிடுவார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதயமும் இரத்த ஓட்டமும் விரைவில் தேறிவிடுகின்றன. எலும்பும் தசைநாணும் தேற அதைவிட அதிகக் காலம் எடுத்துக்கொள்கின்றன. மூச்சு ஒத்துழைக்கிறதே என்று தூரத்தைச் சட்டென்று இரட்டிப்பாக்குகிறவர்களுக்குத்தான், முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பில் வலியும் குதிகால் வலியும் பெரும்பாலும் வருகின்றன. காலுக்குப் பொருந்தும் ஷூ ஒன்று போதும். மற்ற எந்தக் கருவியும் தொடக்கத்தில் தேவையில்லை.

வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது, உடல் குளிர்வதில்லை. அதனால் டிசம்பரில் எளிதாக ஓடிய அதே வேகத்தில் மே மாதத்தில் ஓடினால் இதயம் மிக வேகமாகத் துடிக்கும். அது பின்னடைவன்று, இரத்தத்தின் ஒரு பகுதி தோலைக் குளிர்விக்கத் திருப்பி விடப்படுவதன் விளைவு. உடல் வெப்பத்துக்குப் பழக ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து வேகத்தை அமைத்துக்கொள்வதும், தாகத்துக்கேற்பத் தண்ணீர் குடிப்பதும், தலைசுற்றலோ குளிர் நடுக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி நிழலுக்குப் போவதும் அவசியம்.

இவ்வளவும் செய்தபின்னும் ஓட்டம் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். வேறு சிலருக்கு அளவுக்கு மீறிப் பிடித்துப்போய், காய்ச்சலிலும் காயத்திலும் ஓடாமல் இருக்க முடியாத கட்டாயமாக மாறுவதும் உண்டு. ஓய்வு நாள் குற்றவுணர்வைத் தருமானால், அப்போதே அளவைக் குறைக்க வேண்டும். பிடிக்காதவர்கள் தம்மிடம் ஏதோ குறை என்று எண்ண வேண்டியதில்லை. 2003-இல் நடந்த ஆய்வொன்றில், மிதமான வேகத்தில் 50 நிமிடங்கள் ஓடியவர்களுக்கு உயர்ந்தது போலவே, அதே அளவு மிதிவண்டி மிதித்தவர்களுக்கும் ஆனந்தமைடு உயர்ந்தது. பேசக்கூடிய வேகத்தில் இரண்டு மூன்று மாதங்கள் ஓடிப் பார்த்தும் காலில் ஆர்வம் பிறக்கவில்லை என்றால், ஒரு மிதிவண்டியை எடுத்துக்கொண்டு அதே சாலையில் புறப்படலாம்.